ரோஜாப் பாத்தியில் மூன்று கம்பங்கள்

முனிரத்தினம் முதல் கம்பத்தில் ரம்பத்தை வைத்து நாலைந்து இழுப்பு இழுத்திருப்பார். அதற்குள் வாசனை வந்துவிட்டது.

நான் அலுவலக வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ரோஜாச் செடிகளுக்கு அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஈர மண் வாசனை, பூ வாசனை, கையில் இஞ்சி டீ வாசனை. இத்தனையையும் தள்ளிக்கொண்டு மூக்கில் வந்து ஏறியது பெட்ரோல்.

“மேடம், இது கம்பம் இல்ல மேடம். உள்ள காலியா இருக்கு. கொழாய்.”

முனிரத்தினம் எங்கள் டிப்போவின் தோட்டக்காரர். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், அதிகாரிகளிடம் இந்தி, செடியைக் கடிக்க வரும் ஆட்டிடம் உருது என்று நாலு பாஷையிலும் பிழைப்பவர். இடது காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். அதைப் பார்த்ததும் கத்தினேன்.

“ரம்பத்தக் கீழ வைங்க. பீடியத் தூக்கி எறிங்க. அப்புறம் பேசலாம்.”

“பத்தவே வெக்கல மேடம். சும்னே காதுல…”

“எறிங்க முனிரத்தினம்.”

எறிந்தார். நான் டீ கிளாஸை வராந்தாச் சுவரில் வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினேன். ரம்பம் கிழித்த கோட்டில் மூக்கை வைத்தேன். பழைய பெட்ரோலும் துருவும் கலந்த காரமான நெடி. கண்ணில் தண்ணீர் வந்தது.

டிப்போவை மூட அன்றைக்கு ஆறு வாரம் பாக்கி. “இந்த வளாகத்தில் எரிபொருள் எதுவும் இல்லை” என்று நானே டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, டெல்லிக்கு அனுப்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

இந்த வாரம்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் லீலா. பெங்களூரில் ராணுவத்தின் ஒரு சரக்கு டிப்போவில் முப்பது வருடத்துக்கு மேல் சிவிலியன் கிளார்க்காக இருந்தேன். சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது. லெட்ஜர் மட்டும் உண்டு. டிப்போவின் பெயரைச் சொல்ல மாட்டேன். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

மூடுவதற்கும் பணம் வேண்டும்

ஒரு முகாமைத் திறக்கும்போது ரிப்பன் கட்டுகிறார்கள், பேண்டு வாசிக்கிறார்கள், கல்வெட்டு வைக்கிறார்கள். மூடும்போது ஒரு கடிதம் வருகிறது. எங்களுக்கு வந்தது ஒன்றரைப் பக்கம்.

டிப்போ தேவைக்கு மிஞ்சியது, மூன்று ஆண்டுகளில் படிப்படியாக மூடப்படும் என்றது கடிதம். முதல் ஆண்டு சரக்குகளை வேறு டிப்போக்களுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாம் ஆண்டு ஆட்களை மாற்ற வேண்டும். மூன்றாம் ஆண்டு நிலத்தைச் சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும். எந்த ஆண்டு வேலைக்கு அந்த ஆண்டு நிதி.

“தேவைக்கு மிஞ்சியது” என்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி மிஞ்சிப்போன சாம்பாரைத்தான் அதுவரை நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒப்பாரி வைக்க இதை எழுதவில்லை. பாதி கொட்டகைகளில் பல வருடமாகப் புறாக்கள்தான் குடியிருந்தன. காலிக் கொட்டகைக்குக் கூரை மாற்றினோம், காலிக் கொட்டகைக்குக் காவல் போட்டோம். மூடுவதுதான் நியாயம் என்று எனக்கே தோன்றியது. சரியாக மூட வேண்டும், அவ்வளவுதான்.

மூடுவதற்கென்றே ஒரு கர்னல் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். இதற்கு முன் இரண்டு முகாம்களை மூடிவிட்டு வந்தவர். நாங்கள் மூன்றாவது. அவர் காதில் விழாத தூரத்தில் அவருக்கு ‘பூட்டு கர்னல்’ என்று பெயர். நல்ல மனிதர். தேதி என்று வந்துவிட்டால் மட்டும் கறார்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. மூன்று ஆண்டு இரண்டு ஆண்டாகக் குறைக்கப்படுகிறது. சரி, மூன்றாம் ஆண்டு வர வேண்டிய நிதி? அது மூன்றாம் ஆண்டுதான் வரும். மூன்றாம் ஆண்டில் டிப்போவே இருக்காதே? அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. முகூர்த்தத்தை முன்னால் நகர்த்திவிட்டுச் சமையல்காரருக்குச் சொல்ல மறந்த கல்யாண வீடு மாதிரி ஆயிற்று எங்கள் கதை.

கர்னல் சும்மா இருக்கவில்லை. போன் மேல் போன் போட்டு, வடக்கு மூலையில் இருந்த மூன்று நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளைத் தோண்டி எடுக்க மட்டும் பணம் வாங்கினார். தோண்டினார்கள், எடுத்தார்கள், குழியை மூடினார்கள். வளாகம் சுத்தம் என்று சான்றிதழ் போயிற்று. மிச்சம் இருந்த இரும்பை ஏலத்துக்காக அறுக்கத்தான் முனிரத்தினம் அன்று ரம்பத்தோடு பாத்தியில் இறங்கினார்.

அந்தப் பாத்தி இருந்தது தெற்குச் சுவரோரம். தெற்கே தொட்டி இருந்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லை.

சுண்ணாம்பு பூசிய மேனி

ராணுவ வளாகத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். அங்கே அசையாமல் நிற்கிற எதற்கும் சுண்ணாம்பிலிருந்து தப்பிக்க வழி கிடையாது. மரத்துக்கு இடுப்பு வரை வெள்ளை, அதன் மேல் ஒரு காவிப் பட்டை. பாதையோரக் கல்லுக்கு ஒன்று வெள்ளை, ஒன்று காவி. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் தண்ணீர்க் குழாய், குப்பைத்தொட்டி, பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை எல்லாவற்றுக்கும் புது மேனி. ஒருமுறை படுத்திருந்த நாயின் வாலிலும் ஒரு கோடு விழுந்தது. அது இரண்டு வாரம் அந்தஸ்தோடு திரிந்தது.

யாரோ, எந்தக் காலத்திலோ, அந்த மூன்று குழாய்களின் வாயை சிமென்ட் உருண்டை வைத்து அடைத்து, வெள்ளையும் காவியும் பூசி, இடையில் சங்கிலி தொங்கவிட்டு, சுற்றி ரோஜாப் பதியன் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஊற்ற ஒரு குழாய், அளவு பார்க்க ஒரு குழாய், காற்றுப் போக ஒரு குழாய். பார்க்க அழகாகவும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சங்கிலியின் பக்கத்தில் நின்று நான் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதே வருடம் இருப்பு எண்ணும் வேலை வந்தது. ஒரு சுபேதார் முன்னால் நடந்து சொல்வார், நான் பின்னால் நடந்து எழுதுவேன். பாத்தியருகே வந்ததும், “இது என்ன சார்?” என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தியில், “அழகுக்கு வைத்தது, எழுதிக்கொள்” என்றார்.

எழுதிக்கொண்டேன். “கம்பம், அலங்காரம், இரும்பு – 3.”

தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு தட்டு தட்டியிருக்கலாம். அதன் பிறகு வருடா வருடம் எண்ணினோம். வருடா வருடம் மூன்று இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கையெழுத்தின் அழகைப் பற்றி எனக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆணியில் தொங்கிய கடிதம்

அன்று காலை கர்னல் வெளியே போயிருந்தார், மதியம்தான் வருவார். ரம்பம் கிழித்த இடத்தில் ஈரச் சாக்கைச் சுற்றச் சொல்லி, ஒரு காவலரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நான் வாசல் வழியாக வெளியே போய்ச் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனேன். விவேக் நகர் பக்கம் திறக்கிற சந்து அது. எனக்கு அங்கே ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கவும் பயமாக இருந்தது.

ஸ்டெல்லா அங்கே ஒரு சின்ன டிபன் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் அவள் மாமனார் வெட்டிய கிணறு. கிணற்றுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஒரு துணி காயப்போடும் கொடிதான் இடைவெளி. குழாயில் காவேரித் தண்ணீர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. கடை நடந்தது அந்தக் கிணற்றை நம்பித்தான். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி அவள் கடையில் இட்லி தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறும்.

அந்த நாளுக்கு இரண்டு வருடம் முன்பு கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்க ஆரம்பித்தது. பிறகு நெடி. ‘ஸ்டெல்லா கடை இட்லியில் கிருஷ்ணாயில் வாடை’ என்று ஒருவர் சொன்னால் போதாதா? வியாழக்கிழமைக் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விட்டது. கேன் தண்ணீர் வாங்கி மாவரைத்து, பாத்திரம் கழுவி, அவளுக்குக் கட்டவில்லை. எங்கள் டிப்போவுக்கு ஒரு மனு கொடுத்தாள். உங்கள் எண்ணெய்தான் என் கிணற்றுக்கு வருகிறது, பாருங்கள் என்று.

அந்த மனுவுக்குப் பதில் எழுதியது நான்.

லெட்ஜரைப் பார்த்தேன். தெற்கே தொட்டி இல்லை, அலங்காரக் கம்பம்தான் இருந்தது. பதிவேடுகளின்படி அந்தப் பக்கத்தில் எக்காலத்திலும் எரிபொருள் சேமிப்பு இருந்ததில்லை என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். இருபதடி நடந்து போய்ப் பாத்தியைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக் காகிதம் எழுதினேன்.

ஸ்டெல்லா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினாள்.

“வாங்க லீலாக்கா. உங்க லெட்டர் பத்திரமா இருக்கு.”

இருந்தது. என் கடிதத்தை லேமினேட் செய்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தாள்.

“எதுக்கு ஸ்டெல்லா இத மாட்டி வெச்சிருக்க?”

“கஸ்டமருங்க கேப்பாங்கல்ல, மிலிட்டரி ஆயில் வருதாமேன்னு. இதக் காட்டுவேன். பாருங்க, சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு, ஆயில் இல்லன்னு. கொஞ்ச பேர் நம்புவாங்க. தண்ணிய மோந்து பாத்தா நானே நம்ப மாட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. வெயிலுக்கு வந்த வேர்வை என்று நினைக்கட்டும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“ஸ்டெல்லா, நான் எழுதினது தப்பு. தொட்டி இருக்கு. இன்னிக்குத்தான் பாத்தேன்.”

அவள் கை நின்றது.

“இருக்கா?”

“இருக்கு. ரோஜாச் செடிக்கு அடியில. ஓட்டையா இருக்கணும்.”

“ரெண்டு வருஷங்க்கா.” துணியைக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, “அடுத்த மாசம் பூட்டிட்டுப் போறாங்கன்னு சொன்னாங்களே. போயிட்டா நான் யாரக் கேக்கறதுக்கா?” என்றாள்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கடிதத்தைக் கழற்றினேன். கடைசி வரியைப் படித்தேன். “இருப்பினும், இது தொடர்பாக ஏதேனும் கவனத்துக்கு வருமாயின், டிப்போ மூடப்படுவதற்கு முன் தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்.” மூடச் சொல்லிக் கடிதம் வந்ததிலிருந்து எந்தப் பதில் கடிதத்தையும் இப்படித்தான் முடிப்போம். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ போடுகிற மாதிரி, கை தானாக எழுதும். நூறு முறையாவது எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட அர்த்தத்தோடு எழுதியதில்லை.

“இத நான் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன்.”

“எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் குடுத்துரணும்,” என்றாள் ஸ்டெல்லா. ஆணியை அவள் பிடுங்கவில்லை.

வாசல்படியில் ஈரத் துண்டு

திரும்பி நடந்து வரும்போது எனக்குத் தங்கவயல் ஞாபகம்தான். நான் பிறந்து வளர்ந்தது அங்கே. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார்.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து இருந்தது. இந்த வருடம் என்பார்கள், அடுத்த வருடம் என்பார்கள். தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் தெருவில் யாராவது வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், யாராவது பெண் பார்க்கப் போவார்கள். நான் பெங்களூரில் வேலைக்கு வந்து பல வருடம் கழித்து ஒருநாள் நிஜமாகவே மூடினார்கள். அந்த வாரம் மாரிக்குப்பம் ரயிலில் ஊருக்குப் போனேன். ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கு ஊதவில்லை. அப்பா பழக்கத்தில் அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் போனார்கள், இயந்திரம் போயிற்று. தங்கம் எடுத்த பின் கொட்டிய வெள்ளை மண் மலைகள் மட்டும் நின்றன. காற்றுக் காலத்தில் அந்த மண் பறந்து வரும். காயப்போட்ட துணியில், ஆறப்போட்ட சோற்றில், படுத்தவர் கண் இமையில் ஒட்டும். அம்மா வாசல்படியில் ஈரத் துண்டைப் போட்டு வைப்பாள். அரை மணியில் துண்டு சாம்பல் பூத்துவிடும். பிழிந்துவிட்டு மறுபடி போடுவாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. சொல்வதற்கு அங்கே யாரும் மிச்சமில்லை.

யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. ஆனால் அந்தத் துண்டை நான் மறக்கவில்லை. போனவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போகலாம், குப்பையை அடுத்த வீட்டுக்காரியின் சோற்றில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கடைசி வவுச்சர்

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கணக்கில் இல்லாத பொருள் ஒன்று வளாகத்துக்குள் கிடைத்தால், கண்டெடுத்ததாக ஒரு வவுச்சர் எழுதி அதை லெட்ஜரில் வரவு வைக்க வேண்டும். கூடுதலாகக் கிடைத்த கம்பளி, கூடுதலாகக் கிடைத்த மண்வெட்டி, எதுவானாலும். வரவு வைத்துவிட்டால் அது வெளியேறும்வரை அந்த லெட்ஜரை முடிக்க முடியாது. லெட்ஜர் முடியாமல் டிப்போ முடியாது.

அன்றைக்கு எங்கள் லெட்ஜர்களில் பக்கத்துக்குப் பக்கம் பூஜ்ஜியம். இரண்டு வருட உழைப்பு. பூஜ்ஜியத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஏலத்துக்குப் போகவிருந்த கொஞ்சம் இரும்புதான் பாக்கி.

வவுச்சர் புத்தகத்தை எடுத்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது, பேப்பர்வெயிட்டை வைத்தேன். “தொட்டி, நிலத்தடி, எரிபொருள் – 1. தெற்குச் சுவரோரம், ரோஜாப் பாத்தியின் அடியில் கண்டெடுக்கப்பட்டது.” கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு பழைய லெட்ஜரைத் திறந்து, அலங்காரக் கம்பம் மூன்றையும் அடித்து, பக்கத்தில் “பதிவு தவறு, எழுதியவர் நான்” என்று எழுதி அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மணிக்குக் கர்னல் வந்தார். பாத்தியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மேஜையில் இருந்த வவுச்சரைப் படித்தார்.

“லீலா மேடம், என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“கெடச்சத வரவு வெச்சிருக்கேன் சார்.”

“ஆறு வாரம்தாங்க இருக்கு. எல்லாம் க்ளீன்னு டெல்லிக்கு ரிப்போர்ட் போயாச்சு.”

“அந்த ரிப்போர்ட்ட டைப் பண்ணது நாந்தான் சார். தப்பா பண்ணிட்டேன்.”

அவர் தொப்பியைக் கழற்றி வைத்தார். “நெலத்த எடுத்துக்கறவங்க பாத்துக்குவாங்க. அவங்ககிட்ட நான் வாயால சொல்லிடறேன்.”

“லெட்ஜர்ல கம்பம்னு குடுத்தா அவங்க கம்பம்னுதான் சார் வாங்குவாங்க. செவுத்துக்குப் பின்னாடி ஒரு பொம்பள ரெண்டு வருஷமா அந்தத் தண்ணியால பொழப்புக் கெட்டு நிக்கறா.”

“உங்க ரிடயர்மென்ட்டுக்கு மூணு மாசம்ங்க. பதிவு தப்புன்னு நீங்களே எழுதிட்டா, உங்ககிட்டதான் விளக்கம் கேப்பாங்க. பென்ஷன் பேப்பர் நிக்கும். தெரியுமில்லீங்க?”

“தெரியும் சார். நானே நாலு பேருக்கு அப்படி நிறுத்தி வெச்சிருக்கேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “சரி, லெட்ஜர வேற யார்கிட்டயாவது ஒப்படைங்க. அவங்க முடிக்கட்டும்.”

“யார்கிட்ட சார்?”

இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மற்ற கிளார்க்குகள் எல்லாரும் மாற்றலாகிப் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. வெளியே இரண்டு காவலர்கள், முனிரத்தினம், ஒரு நாய்.

“அப்ப நான் இத ரத்து பண்றேங்க,” என்று பேனா மூடியைக் கழற்றினார்.

“பண்ணுங்க சார். காரணம் எழுதணும்.”

அது இன்னொரு விதி. வவுச்சர் தாளில் எண் அச்சடித்திருக்கும், கிழிக்க முடியாது. குறுக்கே கோடு போட்டு, ஏன் ரத்து என்று அதிகாரி தன் கையால் எழுத வேண்டும். கர்னல் பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டி இல்லை என்று எழுதலாம். ஜன்னல் வழியாக நெடி வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சாத்திய பிறகும் அறைக்குள் நெடி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“சரிங்க, வரவு வெச்சாச்சு. தோண்டி எடுக்கறதுக்கு யாருங்க பணம் குடுப்பா? இருந்த நிதி தீந்துபோச்சு.”

இதற்காகத்தான் காத்திருந்தேன். பைக்குள்ளிருந்து ஸ்டெல்லாவின் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தேன். தோசை எண்ணெய் பட்டு ஒரு ஓரம் மஞ்சளாக இருந்தது.

“மூடறதுக்கு முன்னாடி நடவடிக்கை எடுப்போம்னு எழுதிக் குடுத்திருக்கோம் சார். நம்ம சீல். எழுதிக் குடுத்த வேலைக்கு நிதி கேக்கலாம்.”

அவர் படித்தார். “இந்த வரி எல்லா லெட்டர்லயும் போடறதுதானேங்க?”

“ஆமா சார். இதுலயும் போட்டுட்டேன்.”

லேமினேட் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் திருப்பினார். பிறகு வவுச்சரை இழுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

“எனக்கு அடுத்து ஒரு முகாம் காத்துட்டிருக்குங்க,” என்றார், கொஞ்சம் எரிச்சலாகவே. “தேதி தள்ளிப்போகும்னு இன்னிக்கே சொல்லிடறேன். டிராஃப்ட் போடுங்க.”

கயிறும் வாளியும்

தேதி தள்ளிப்போனது. ஆறு வாரத்தில் முடிய வேண்டியது ஒரு வருடத்துக்கு நெருங்கியது. பணம் இரண்டு தவணையாக வந்தது. தொட்டியை எடுக்க முதலில், கெட்டுப்போன மண்ணை அள்ளிக் கிணற்றை இறைக்க அப்புறம். இடையில் எத்தனை கடிதம் என்று கேட்காதீர்கள். என்னிடம் விளக்கம் கேட்டார்கள், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். பென்ஷன் காகிதம் நின்றது. கர்னல் சொன்ன மாதிரியேதான். அந்த மாதங்களில் வீட்டில் கறி எடுப்பதைக் குறைத்துக்கொண்டோம். அதற்காக நான் வருந்தவில்லை. கறிக்காக வருந்தினேன், எழுதியதற்காக இல்லை.

தொட்டியைத் தூக்கிய அன்று நான் ஓய்வுபெற்றிருந்தேன். எத்தனையோ பேருக்கு நுழைவுச் சீட்டு எழுதிக் கொடுத்த என்னை, சீட்டு இல்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் சரிதான், அதுதான் விதி. ஸ்டெல்லா வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சேற்றில் படுத்திருந்த எருமை எழுந்திருக்கிற மாதிரி மண் வழிய மேலே வந்தது தொட்டி. அடிப்பக்கம் கை நுழைகிற அளவு ஓட்டை. கீழே மண் தார் போலக் கறுத்திருந்தது. முனிரத்தினம் கீழேயிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். காதில் பீடி இல்லை.

கர்னல் அதற்குள் நாலாவது முகாமுக்குப் போய்விட்டார். ஒருநாள் போன் செய்தார். “இங்க எல்லாக் கம்பத்தையும் தட்டிப் பாத்துட்டுத்தாங்க எண்ணுறோம்,” என்றார்.

கடிதத்தை, கர்னல் வவுச்சரில் கையெழுத்துப் போட்ட வாரமே ஸ்டெல்லாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் பழைய ஆணியிலேயே மாட்டினாள். இப்போது ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தே அங்கே போகிறேன். கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி, ஒரு வாளி தண்ணீர் சேந்தி, மோந்து பார்ப்பேன். முதல் மாதங்களில் நெடி அப்படியே இருந்தது. தண்ணீரைச் சோதித்து வந்த முதல் ரிப்போர்ட்டில் தேறவில்லை. மறுபடி இறைத்தார்கள். இரண்டாவதிலும் தேறவில்லை. மழைக்குப் பிறகு மறுபடி இறைத்தார்கள். மூன்றாவது ரிப்போர்ட் இந்த மாதம் வர வேண்டும்.

போன சனிக்கிழமை வாளிக்குள் முகத்தை வைத்தேன். பாசி வாசனைதான் அடித்தது. படலம் இல்லை. ஸ்டெல்லாவும் குனிந்து மோந்தாள். நான் மோந்ததை நம்பாமல் இன்னொரு முறை மோந்தாள். பிறகு உள்ளே போய், கடிதத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கடைக் கணக்கு எழுதும் மார்க்கர் பேனாவோடு வந்தாள்.

“லீலாக்கா, இதுக்குக் கீழ ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ன்னு எழுதி ஒரு கையெழுத்து போடுங்க. வர்ற வியாழக்கெழம எல்லாருக்கும் காட்டறேன். கூட்டம் திரும்பி வந்துரும்.”

பேனாவை வாங்கினேன். அவள் கடைக்கு அந்தக் கூட்டம் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். மூடியைக் கழற்றாமலே திருப்பிக் கொடுத்தேன்.

“ரிப்போர்ட் வரட்டும் ஸ்டெல்லா.”

“நீங்களே மோந்து பாத்தீங்களேக்கா.”

“பாத்தேன். போன தடவ பாக்காம எழுதினேன். இந்தத் தடவ பாத்தது மட்டும் போதாது.”

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கடிதத்தை முந்தானையால் துடைத்தாள்.

“சரி. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்,” என்று சொல்லி, ஸ்டூலில் ஏறி, மாதா படத்துக்குப் பக்கத்தில் மறுபடி மாட்டினாள்.